‘இல்லை’ நோட்டு

கேள்வி: பெரிய வெற்றி பெற்றவர்களிடம் பொதுவாக இருக்கும் பழக்கங்களும் மனநிலையும் என்ன? எனக்கு 29 வயது. திண்டுக்கல்லில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். மூன்று வாரமாகக் காலை 4 மணிக்கு எழுந்து, பச்சைத் தண்ணீரில் குளித்து, என் லட்சியத்தைப் பத்து முறை எழுதுகிறேன். எந்த மாற்றமும் தெரியவில்லை. எங்கே தவறு செய்கிறேன்?

பதில்:

தம்பி, உங்களுக்குக் கிடைத்த பட்டியலில்தான் தவறு என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். கேட்பவர் கடை நடத்துகிறவர் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். நான் 31 வருடம் வங்கியில் இருந்தவன். அதில் பாதிக்கு மேல் மதுரை, விருதுநகர் பக்கத்துக் கிளைகளில் சிறு வியாபாரக் கடன் பார்த்த காலம். யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று முன்கூட்டியே ஊகிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். பல தடவை தப்பாக ஊகித்தும் இருக்கிறேன்.

முதலில் 4 மணி விஷயம். மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் ஒருநாள் போய்ப் பாருங்கள். ஊர் தூங்கும்போது அங்கே மூட்டை இறங்கிக்கொண்டிருக்கும். பால்காரர், பேப்பர் போடுகிறவர், டீ மாஸ்டர், இட்லிக் கடை அக்கா எல்லோரும் ஆயுசு முழுக்க 3 மணிக்கும் 4 மணிக்கும் எழுகிறவர்கள். சீக்கிரம் எழுவதுதான் ரகசியம் என்றால் இந்த நாட்டுப் பணக்காரர் பட்டியல் வேறு மாதிரி இருந்திருக்கும்.

மெஸ் நடத்திய ஒருவருக்கு நான் கடன் கொடுத்திருந்தேன். மூன்றரைக்கெல்லாம் அடுப்பு எரியும். ருசி, சுத்தம், உழைப்பு எதிலும் குறை சொல்ல முடியாது. பக்கத்தில் கட்டட வேலைக்கு வந்தவர்களுக்கு அக்கவுன்ட்டில் சாப்பாடு போட்டார். ஒரு சாப்பாட்டின் அடக்கம் எவ்வளவு என்று கடைசி வரை அவர் கணக்குப் போட்டதில்லை. கட்டடம் முடிந்தது, ஆட்கள் போனார்கள், பாக்கி நின்றது, எங்கள் தவணையும் நின்றது. அவரைப் பேட்டி காண யாரும் வரவில்லை. வந்திருந்தால் அவர் சொல்லும் தினசரிப் பழக்கங்கள், நீங்கள் படித்த பட்டியலில் இருப்பவை மாதிரியேதான் இருந்திருக்கும்.

வெற்றிப் பட்டியல்களின் கோளாறு இதுதான். ஜெயித்தவர்களை மட்டும் உட்காரவைத்து "என்ன செய்தீர்கள்?" என்று கேட்டுத் தொகுக்கிறார்கள். அதையே செய்து தோற்றவனிடம் யாரும் மைக் நீட்டுவதில்லை.

ஆராய்ச்சி என்று பார்த்தாலும் உங்களை யாரோ கொஞ்சம் ஏமாற்றியிருக்கிறார்கள். ‘21 நாளில் பழக்கம் படிந்துவிடும்’ என்பதை நம்பித்தான் மூன்று வாரம் கழித்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவரோடு இருந்தவர்களும் 96 பேரை வைத்துப் பார்த்தபோது, ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள். சிலருக்கு 254 நாள் என்ற அளவுக்கு நீளும் என்று மதிப்பிட்டார்கள். அதேபோல ‘10,000 மணி நேரம் பயிற்சி செய்தால் எதிலும் தேறிவிடலாம்’ என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதன் மூலம் உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன் குழு பெர்லினில் வயலின் மாணவர்களைப் பார்த்து 1993-ல் வெளியிட்ட ஆய்வு. அதில் இன்னொன்றும் இருந்தது. நன்றாக வாசித்த மாணவர்கள், சுமாராக வாசித்தவர்களைவிட அதிகம் தூங்கினார்கள்; மதியத்தில் குட்டித் தூக்கமும் போட்டார்கள். இதை மட்டும் எந்த ஊக்கப் பேச்சாளரும் மேடையில் சொல்லி நான் கேட்டதில்லை.

சரி, அப்படியானால் பொதுவாக ஒன்றுமே இல்லையா? ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன். அதை எனக்குக் காட்டிக்கொடுத்தது எந்தப் பெரிய மனிதரும் இல்லை. திருமங்கலம் பக்கம் எலக்ட்ரிகல் சாமான் கடை வைத்திருந்த ஓர் அண்ணாச்சி.

ஸ்டாக் பார்க்கப் போகும்போதெல்லாம் அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு 40 பக்க நோட்டு சணல் கயிற்றில் தொங்கும். பற்று எழுதும் நோட்டு என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் சும்மா எடுத்துப் புரட்டினால் அதில் பற்றும் இல்லை, வரவும் இல்லை. தேதி போட்டு ஒவ்வொரு வரியாக, ‘ஒன்றரை இஞ்ச் பெண்டு – இல்லை’, ‘மோட்டார் கப்பாசிட்டர் – இல்லை’, ‘கோயிலுக்கு சீரியல் லைட் வாடகைக்கு – இல்லை’. யாராவது வந்து கேட்டு, கடைப் பையன் ‘இல்லை’ என்று சொல்லி அனுப்பிய சாமான்கள் மட்டும். நான் புரியாமல் பார்த்ததற்கு அண்ணாச்சி சொன்னார்: "வித்ததுக்குத்தான் பில் இருக்கே சார். விக்காமப் போனதுக்கு யாரு பில்லு போடுறது?"

மாதக் கடைசியில் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருவார். மூன்று தடவைக்கு மேல் வந்த பெயரை மட்டும் வாங்கிப் போடுவார். அவர் 8 மணிக்கு முன்னால் எழுந்ததே இல்லை என்று அவர் வீட்டம்மா என்னிடமே குறைபட்டிருக்கிறார். ஆனால் என் கிளையில் ஒரு தவணைகூடத் தவறாத கணக்கு அது.

அதன் பிறகு பெரிய ஆட்களைப் பற்றி எதைப் படித்தாலும் இவரிடம் ‘இல்லை’ நோட்டு இருக்கிறதா என்று தேடுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. ஆச்சரியம், அநேகமாக இருக்கிறது. தனக்கு எதிராகப் போகிற கணக்கை மறக்கும் முன் எழுதிவைப்பது, பிறகு அதை வைத்து வேலையின் அமைப்பையே மாற்றுவது. மூன்று பேரைச் சொல்கிறேன்.

சார்ல்ஸ் டார்வின் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வேலை செய்தார் தெரியுமா? கென்ட் மாகாணத்தில் டவுன் என்ற கிராமத்து வீட்டில் 40 வருடம் வாழ்ந்தார். காலை 8 முதல் ஒன்பதரை வரை ஒரு அமர்வு. கடிதம் படிக்க இடைவேளை. பத்தரை முதல் 12 வரை இன்னொன்று. அதோடு "இன்றைக்கு நல்ல வேலை நடந்தது" என்று திருப்தியாகச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவாராம். சாயங்காலம் ஒரு மணி நேரம் போல. மொத்தம் 4 மணி நேரத்தைத் தாண்டாது. மீதி நேரம் தோட்டத்து மணல் பாதையில் நடை, மனைவி நாவல் வாசிக்கப் படுத்துக்கொண்டு கேட்பது, கடிதம். வாழ்நாளில் பெரும் பகுதி வயிற்றுக் கோளாறும் வாந்தியுமாகக் கிடந்த மனிதர். 4 மணிக்கு எழுந்து பச்சைத் தண்ணீரில் குளி என்றால் செத்தே போயிருப்பார். (குளிர்நீர் வைத்தியமும் செய்துகொண்டார், அது வேறு கதை.)

அவர் தன் கடைசிக் காலத்தில் பிள்ளைகளுக்காக எழுதிய வாழ்க்கைக் குறிப்பில், தன்னுடைய பொன்விதி என்று ஒன்றைச் சொல்கிறார். தன் முடிவுக்கு எதிரான ஒரு தகவலோ யோசனையோ கண்ணில் பட்டால் தவறாமல், அந்த நிமிடமே குறித்துவைத்துவிடுவாராம். காரணம்தான் அருமை. சாதகமான தகவல் மனதில் தங்கிவிடுகிறது, பாதகமானது வேகமாக மறந்துபோகிறது என்பதை அனுபவத்தில் கண்டுகொண்டாராம். நம்ம அண்ணாச்சியின் நோட்டு இங்கிலாந்தில்! 1859-ல் பரிணாம நூல் வெளிவந்தபோது, தன் கொள்கையில் இருக்கும் சிக்கல்களுக்கென்றே அதில் ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருந்தார். எதிரிகள் கொண்டுவந்த ஆட்சேபங்களில் அவர் முன்பே யோசித்துப் பார்க்காதவை மிகக் குறைவு. எழுதிப் பார்க்கும் பைத்தியம் அவருக்கு எவ்வளவு என்றால், 1838-ல் கல்யாணம் செய்துகொள்வதா வேண்டாமா என்பதற்குக்கூட ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு எழுதினார். ‘செய்துகொள்’ பக்கம், மனைவி என்பவள் எப்படியும் நாயைவிடத் தேவலை என்று ஒரு வரி. அந்த மனைவி எம்மாதான் பின்னால் அவரை 40 வருடத்துக்கு மேல் பார்த்துக்கொண்டார்.

இரண்டாவது ஆள் நம் பக்கத்தவர், மதுரை டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. இவரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1918-ல், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் அயன் வடமலாபுரம் என்ற கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மணலில் எழுதிப் படித்த தலைமுறை. உறவுப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்து, பிரசவ டாக்டர் ஆக வேண்டும் என்றுதான் மருத்துவம் படிக்கப் போனார். சென்னை ஸ்டான்லியில் 1944-ல் முடித்து ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். 30 வயதில் முடக்குவாதம் வந்து எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. நெடுநாள் படுக்கை. விரல்கள் கோணி நிரந்தரமாக வளைந்துவிட்டன. பிரசவம் பார்க்கும் கனவு அதோடு போயிற்று.

இந்த இடத்தில் ஊக்கப் பேச்சாளர்கள் "மனம் தளரவில்லை!" என்று கையைத் தூக்குவார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்து நடந்தது. இந்தக் கையால் எதைச் செய்ய முடியாது, எதைச் செய்ய முடியும் என்று பிரித்துப் பார்த்துக் கண் மருத்துவத்துக்கு மாறினார். வளைந்த விரலுக்கு ஏற்றபடி கருவிகளை அமைத்துக்கொண்டு கத்தி பிடிக்கப் பழகினார். அந்த விரல்களால் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண்களுக்கு அறுவை செய்தார். மதுரை அரசு மருத்துவமனையில் கண் பிரிவுக்குத் தலைவராக இருந்து, கிராமம் கிராமமாகக் கண் முகாம் நடத்தினார்.

1976-ல் ஓய்வு பெற்ற கையோடு, 11 கட்டிலோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். சில கட்டில் பணம் கட்டுபவர்களுக்கு, மீதி இலவசம். வீட்டை அடமானம் வைத்தும் குடும்பத்து நகைகளைக் கொண்டும் பணம் திரட்டினார்கள். நான் அந்தக் காலத்துக் கடன் அதிகாரியாக இருந்திருந்தால் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பி அனுப்பியிருப்பேன்: வயது ஆகிவிட்டது, முடக்குவாதம், பாதிப் பேரிடம் காசு வாங்கமாட்டாராம். இதைச் சொல்லத்தான் முன்னாலேயே ‘தப்பாக ஊகித்திருக்கிறேன்’ என்று எழுதினேன்.

இனி அவருடைய ‘இல்லை’ நோட்டைப் பாருங்கள். இலவசமாகக் கண் அறுவை செய்கிறோம் என்று முகாம் போட்டால் ஜனங்கள் வந்து குவிய வேண்டும் இல்லையா? குவியவில்லை. கண்ணில் குறை இருந்தவர்களில் மிகச் சிலரே முகாமுக்கு வந்தார்கள். வந்தவர்களிலும் பலர் அறுவை என்றதும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். சாதாரண ஆளாக இருந்தால் "படிக்காத ஜனம், சும்மா கொடுத்தாலும் வாங்கத் தெரியவில்லை" என்று அலுத்துக்கொண்டு, வந்தவர்களின் எண்ணிக்கையை அறிக்கையில் போட்டுக் கைதட்டு வாங்கியிருப்பார். இவர்கள் வராதவர்களைத் தேடிப் போய் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். பஸ்ஸுக்குக் காசில்லை. கூட வர ஆளில்லை. வந்தால் அவருக்கும் கூலி போகும். ஆஸ்பத்திரியில் யார் சோறு போடுவது? அப்புறம் பயம். ‘இலவசம்’ என்று டாக்டர் நினைத்த அறுவை, அந்தப் பாட்டிக்கு இலவசமாக இல்லை. அதற்குப் பிறகு பஸ், சாப்பாடு, தங்கும் இடம், திரும்பக் கொண்டுவிடுவது எல்லாமே இலவசத்துக்குள் வந்தது. ஒரே ஊர்க்காரர்களைக் கூட்டமாக அழைத்துவந்ததால் பயமும் பாதி குறைந்தது.

அடுத்த வரி: அந்தக் காலத்துக் கண்புரை அறுவையில் லென்ஸை எடுத்துவிட்டு, சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள். உங்கள் தாத்தா பாட்டி படத்தில் பார்த்திருப்பீர்கள். வயலில் அது விழுந்து உடைந்தால் மறுபடி இருட்டு. கண்ணுக்குள்ளேயே வைக்கும் லென்ஸ் மேல்நாட்டில் வந்துவிட்டது, ஆனால் ஒன்றின் விலை 100 டாலர் அளவில். ஏழை நாட்டுக்கு இது கட்டாது என்று நிபுணர்களே சொன்ன காலம். 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்சாலையை நிறுவி, அந்த லென்ஸைச் சுமார் 10 டாலருக்குக் கொண்டுவந்தார்கள். பின்னால் விலை இன்னும் இறங்கியது.

மூன்றாவது, டாக்டரின் நேரம். ஒரு நோயாளிக்கு அறுவை முடிந்து, அடுத்தவரைப் படுக்கவைத்துத் தயார் செய்யும் வரை டாக்டர் சும்மா நிற்கிறார். அங்கே இரண்டு மேசை போட்டார்கள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவர் தயார். டாக்டர் திரும்பினால் போதும். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து, டாக்டர் செய்ய அவசியமில்லாத எல்லா வேலையையும் அவர்கள் கையில் கொடுத்தார்கள். இதனால் ஒரு டாக்டரால் மணிக்கு 6, 8 அறுவை என்ற கணக்கில் செய்ய முடிந்தது. அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளைப் பார்த்துவிட்டு, எந்தக் கிளைக்குப் போனாலும் ஒரே தரத்தில், ஒரே வேகத்தில் பர்கர் கொடுக்க முடிகிறதே, கண் அறுவையை ஏன் அப்படிக் கொடுக்க முடியாது என்று கேட்டவர் இவர். ஸ்ரீ அரவிந்தரின் பக்தர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், எளிமையானவர், பர்கர் கடையில் போய்ப் பாடம் படிக்கிறார். இந்தக் கலவையை எந்தப் பட்டியலில் அடக்குவது?

வேகமாகச் செய்தால் தரம் கெடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கும் நோட்டு உண்டு. அறுவையில் நேர்ந்த சிக்கல்கள் பதிவாகின்றன, எந்த டாக்டர் கையில் எத்தனை என்று பார்க்கிறார்கள். பெருமைக்குரிய கணக்கு எத்தனை கண் திறந்தது என்பது. சங்கடமான கணக்கு எத்தனை கெட்டது என்பது. இரண்டாவதை எழுதிப் பார்க்கிற இடத்தில்தான் முதலாவது வளரும். டாக்டர் வெங்கடசாமிக்குத் தன்னையே கேள்வி கேட்டு நாட்குறிப்பு எழுதும் வழக்கமும் இருந்தது. 2006-ல் காலமானார். காலையில் சீக்கிரம் எழுபவர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவரைப் பற்றிய கட்டுரைகளில் அதைக் கொட்டை எழுத்தில் போட்டு, ‘வராதவர்களைத் தேடிப் போனதை’ விட்டுவிடுவது, மாங்காய் மரத்தில் இலையைப் பறித்துக்கொண்டு வருவது மாதிரி.

மூன்றாவது ஆள் சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்த். சுருக்கமாகச் சொல்கிறேன்.

2008 அக்டோபரில் ஜெர்மனியின் பான் நகரில் ரஷ்யாவின் கிராம்னிக்கோடு உலகப் பட்டத்துக்கான ஆட்டம். ஆனந்த் அதுவரை வெள்ளைக் காயில் பெரும்பாலும் ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயைத்தான் நகர்த்துவார். அவர் அடையாளமே அதுதான். ஆனால் அந்தத் தொடக்கத்துக்கு எதிராகக் கிராம்னிக் கட்டும் கோட்டை லேசில் உடையாது. 2000-ல் லண்டனில் காஸ்பரோவே அதில் முட்டி மோதிப் பட்டத்தை இழந்திருந்தார். ஆனந்தும் அவர் குழுவும் மாதக்கணக்கில் உட்கார்ந்து, வாழ்நாள் பழக்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டு ராணிக்கு முன்னால் இருக்கும் சிப்பாயைத் தயார் செய்தார்கள். கிராம்னிக் எதிர்பார்த்து வந்த ஆள் மேசையில் இல்லை. மூன்றாம் ஆட்டத்தையும் ஐந்தாம் ஆட்டத்தையும் கறுப்புக் காயில் ஆனந்த் ஜெயித்தார். 12 ஆட்டம் போட வேண்டியது 11-லேயே முடிந்துவிட்டது, ஆறரைக்கு நாலரை. பாருங்கள், பழக்கம் பழக்கம் என்று நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அவர் உலகப் பட்டத்தைக் காப்பாற்றியது தன் பழக்கத்தை விட்டதால்.

2010-ல் பல்கேரியாவின் சோஃபியாவில், அந்நாட்டு டோபலோவோடு மறுபடி உலகப் பட்ட ஆட்டம். ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பா முழுக்க விமானம் நின்றுபோய், ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சுமார் 40 மணி நேரம் சாலையில் வந்து சேர்ந்தார். முதல் ஆட்டம் தோல்வி. தயார் செய்துவைத்த நகர்த்தல்களின் வரிசை பலகை முன்னால் குழம்பிவிட்டது. சாக்குச் சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் யாருக்கும் கிடைக்காது. மறுநாளே இரண்டாம் ஆட்டத்தை ஜெயித்தார், கடைசி ஆட்டத்தைக் கறுப்புக் காயில் ஜெயித்துப் பட்டத்தை வைத்துக்கொண்டார். 2013-ல் சொந்த ஊரான சென்னையிலேயே கார்ல்சனிடம் பட்டத்தை இழந்தார். அதோடு முடிந்தது என்று எழுதினார்கள். 2017 டிசம்பரில், 48 வயதில், ரியாத்தில் உலக ரேபிட் (வேகச் சதுரங்க) பட்டம்.

இந்த மூவருக்கும் வேறு ஒன்றும் பொதுவாக இருந்தது, அதையும் சொல்லாவிட்டால் நான் பொய்யனாகிவிடுவேன். டார்வினுக்கு வசதியான அப்பா; சம்பாதிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. டாக்டர் வெங்கடசாமிக்குத் தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி என்று குடும்பமே வெளியே கிடைக்கக்கூடிய வருமானத்தை விட்டு உள்ளே வந்தது. ஆனந்துக்கு ஆறு வயதில் சதுரங்கம் சொல்லிக்கொடுத்த அம்மா, போய் ஆட மெட்ராஸில் டால் செஸ் கிளப். ஸ்டான்ஃபோர்டின் மிட்டாய் சோதனை கேள்விப்பட்டிருப்பீர்கள்: ஆசையை அடக்கிக் காத்திருந்த குழந்தைகள் பின்னால் முன்னேறினார்கள் என்று. 2018-ல் 900-க்கு மேற்பட்ட குழந்தைகளை வைத்து மறுபடி பார்த்து, குடும்பப் பின்னணியையும் கணக்கில் சேர்த்தபோது அந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துபோனது. வீட்டில் நாளைக்குச் சோறு உண்டு என்று தெரிந்த பிள்ளைக்குக் காத்திருப்பது சுலபம். இது வங்கியிலும் தெரியும். இரண்டு மாதம் வியாபாரம் படுத்தால் கைமாற்றுக் கொடுக்க ஒரு மச்சான் இருக்கிறவரின் கடை பிழைக்கும். அந்த மச்சான் பெயர் எந்த விண்ணப்பத்திலும் இருக்காது.

மனநிலை பற்றிக் கேட்டீர்கள். ‘பாசிட்டிவாக இரு’ என்று சொல்கிறார்களே, என்னிடம் வந்ததிலேயே மிகவும் பாசிட்டிவானவர்கள் மூன்றாவது கடன் கேட்டு வந்தவர்கள்தான். நான் சொன்ன மூவரிடமும் இரண்டு விஷயம் சேர்ந்தே இருந்தது. வேலையைப் பற்றி அசையாத நம்பிக்கை. அதைத் தான் செய்கிற முறையைப் பற்றித் தீராத சந்தேகம். முதலாவது மட்டும் இருப்பவர் பேச்சாளர் ஆகிவிடுகிறார். இரண்டாவது மட்டும் இருப்பவர், நான் மாதிரி, கடன் அதிகாரி ஆகிவிடுகிறார்.

இப்போது உங்கள் கடைக்கு வருகிறேன். லட்சியத்தைப் பத்து முறை எழுதுகிறீர்கள். அது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம், எத்தனை முறை எழுதினாலும் புதிதாக ஒன்றும் சொல்லாது. அதே பேனாவால் வேறு எழுதிப் பாருங்கள். ரிப்பேர் செய்து கொடுத்து, திரும்பி வந்த போன்கள்: என்ன மாடல், என்ன வேலை, எத்தனை நாளில் வந்தது, அந்த டிஸ்ப்ளே காம்போ யாரிடம் வாங்கியது. ஒரே சப்ளையர் பெயர் நாலு தடவை வந்தால், அவர் கொடுக்கும் விலை குறைவாக இருப்பதால் உங்களுக்கு லாபமா நஷ்டமா என்று அன்றைக்குத் தெரியும். விலை கேட்டுவிட்டு "அப்புறம் வரேன்" என்று போனவர்கள்: என்ன வேலைக்கு, எவ்வளவு சொன்னீர்கள். போர்டு வேலை, ஐசி மாற்றுவது என்று வந்து, நீங்கள் முடியாது என்று திருப்பி அனுப்பியவை. மாதம் பத்து போர்டு வேலை திரும்பிப் போகிறது என்றால், அந்த வேலையைக் கற்றுக்கொள்ளச் செலவழிப்பது தகுமா என்பதற்கு எந்தப் பேச்சாளரும் வேண்டாம், நோட்டே பதில் சொல்லும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது சரக்குக்கு மட்டும் இல்லை, திரும்பிப் போகிற வாடிக்கைக்கும்தான்.

ஒரு எச்சரிக்கை. முதல் பத்து நாள் எழுதவே கைவராது. திரும்பி வந்த போனை எழுதும்போது, "கஸ்டமர்தான் கீழே போட்டிருப்பார்" என்று மனசு சொல்லும். அதையும் பக்கத்தில் எழுதிவையுங்கள். மாதக் கடைசியில் எத்தனை பேர் கீழே போட்டார்கள் என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்பு வரும்.

4 மணிக்கு எழுவதைத் தொடரவா விடவா என்றால், கடை எத்தனை மணிக்குத் திறக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பத்து மணிக்கு என்றால், 4-லிருந்து 10 வரை என்ன செய்தீர்கள் என்பதையும் ஒரு வாரம் அந்த நோட்டில் எழுதுங்கள். பச்சைத் தண்ணீர் உங்கள் இஷ்டம். மார்கழியில் திண்டுக்கல்லில் என்னால் முடியாது.